முப்பத்தெட்டுச் சுதாகரன்கள்

என் வாழ்க்கை வரலாற்றை முப்பத்தெட்டுப் பேர் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய தலைவர்களுக்கும் வாய்க்காத பாக்கியம். ஆனால் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அதை எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைத்தவன் நானேதான். அதுவும் ஆங்கிலத்தில்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. கையில் பட்டம் இருந்தது, வேலை இல்லை. வல்வெட்டித்துறையில் சனசமூக நிலையத்தின் பின் மண்டபத்தில் பின்னேரம் ஆங்கில ரியூசன் வைத்தேன். ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர். இலக்கணப் புத்தகங்களில் யாரோ ஒருவர் எந்நாளும் சந்தைக்குப் போய்க்கொண்டிருப்பார், ஒரு பூனை எந்நாளும் பாயில் படுத்திருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. உயிருள்ள வசனங்கள் வேண்டுமென்று என் சொந்தக் கதையையே ஒரு தாளில் எழுதி ஃபோட்டோக்கொப்பி அடித்தேன். (இருபத்துநான்கு வயதில் எவனுக்கும் தன் கதை சுவையானது என்றொரு எண்ணம் இருக்கும்.)

அந்தத் தாளை உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். ‘என் பெயர் சுதாகரன். எனக்கு இருபத்துநான்கு வயது. நான் அம்மாவுடன் இருக்கிறேன். எனக்கு நாய்க்குப் பயம்.’ இது நிகழ்காலம். ‘நான் சாரதிப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றேன்.’ இது இறந்தகாலம். ‘அம்மா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார். பதினொரு வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள்.’ இது தொடர்வதற்கும் முடிந்ததற்கும் உதாரணம். கடைசியில் எதிர்காலம்: ‘நான் நல்லதொரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஆவேன்.’ அடியில், ‘இதைப்போல் உங்களைப் பற்றிச் சொல்லிப் பழகுங்கள்’ என்றும் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைத்தான் ஒருவரும் வாசிக்கவில்லை.

எட்டு மாதம் அவர்கள் அதைக் கூட்டமாகச் சொன்னார்கள். கடற்கரை வரைக்கும் கேட்கும். நான் அதை வாசிப்புப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம்தான் வலிகாமத்தில் பழைய மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கில ஆசிரியர் தேவை என்று கேள்விப்பட்டேன். அதிபர் றோஸ்மலர் மிஸ். அவரைப் பற்றி எங்கள் பக்கத்தில் பயபக்தியோடுதான் கதைப்பார்கள். அவர் ஆங்கிலம் பேசினால் முற்றுப்புள்ளிகூடக் காதில் விழும் என்பார்கள். ஒருமுறை பஸ்ஸில் அவர் ஏறியதும் கொண்டக்டர் ரிக்கற் கேட்க மறந்து எழும்பி நின்றாராம். நேர்முகத்துக்குப் போன நானும் இருக்கச் சொல்லியும் நின்றுகொண்டே பதில் சொன்னேன். பிள்ளைகளைப் போட்டிகளுக்குப் பள்ளிக்கூட வான் வண்டியில் ஏற்றி ஓட்டிப்போகவும் அந்த ஆசிரியர்தான் வேண்டும் என்றார் மிஸ்.

“வாகனம் ஓடுவீரோ? லைசென்ஸ் இருக்கோ?”

“ஓம் மிஸ்.”

(அந்த வேலை கிடைத்தால் அம்மா பன்னிரண்டாம் வீட்டுக்குத் தலை நிமிர்ந்து போகலாம். வேறு எதுவும் என் வாயில் வந்திருக்காது.)

“வகுப்பெடுக்கிறதைப் பாக்காமல் நான் ஒருத்தரையும் எடுக்கிறேல்லை. புதன்கிழமை உம்மடை ரியூசனுக்கு வாறன்.”

புதன்கிழமை வந்தார். வெள்ளைச் சேலை, பழைய ஒஸ்ரின் கார், தானே ஓட்டிக்கொண்டு. அன்று வாடைக்காற்று மண்டபத்து ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எழும்பி ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். மிஸ் முன்வாங்கில் இருந்த ஒரு பெடியனைப் பார்த்து, உன்னைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் சொன்னான். என் பெயர் சுதாகரன். வயது இருபத்துநான்கு. நாய்க்குப் பயம். சாரதிப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றேன்.

மிஸ் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பிள்ளையைக் கேட்டார். அதுவும் சுதாகரன். அதற்கும் லைசென்ஸ் இல்லை. மூன்றாவது ஒரு பெண்பிள்ளை, வதனி என்று பெயர், இரட்டைப் பின்னல். தனக்கு அம்மா பெண் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், பதினொரு வீட்டார் வேண்டாம் என்றுவிட்டதாகவும், அட்சரம் பிசகாமல், கொஞ்சம் கவலையோடு சொன்னாள். நான் கரும்பலகையோடு கரும்பலகையாக ஒட்டிக்கொண்டேன்.

மிஸ் தமிழுக்கு மாறினார். “பிள்ளை, உமக்கு என்ன வயசு?”

“பன்ரண்டு மிஸ்.”

“அப்ப ஏன் இருபத்திநாலு எண்டு சொன்னனீர்?”

“சேர் அப்பிடித்தான் எழுதித் தந்தவர்.”

“உம்மடை பேரை, வயசைப் போட்டு மாத்திச் சொல்லலாமெல்லோ?”

வதனி திகைத்துப் போய்விட்டாள். அப்படியொரு கேள்வியை ஒரு பெரிய மனிசி கேட்பார் என்று அவள் நினைக்கவே இல்லை.

“தேவாரத்திலை எங்கடை பேரைப் போட்டு மாத்திப் பாடுறேல்லையே மிஸ்?”

முப்பத்தெட்டுத் தலைகளும் ஓம் என்று ஆடின. என் நாய்ப் பயம் அவர்களுக்குத் திருமுறையாக இருந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

றோஸ்மலர் மிஸ் வேதக்காரர், தேவாரம் பாடாத கிறிஸ்தவர். சிரிப்பை அடக்கக் கைலேஞ்சியை வாயில் வைத்தார். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னார். “இது தேவாரம் இல்லைப் பிள்ளை. மாத்தலாம். சேர் கோவிக்க மாட்டார். உம்மடை கதையைச் சொல்லும்.”

வதனி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் கூரையைப் பார்த்தாள். காற்று இரைந்தது. பிறகு ஒவ்வொரு வசனமாக, தாளில் இருந்த அதே ஒழுங்கில், ஆங்கிலத்தில் வந்தது.

‘என் பெயர் வதனி. எனக்கு நாய்க்குப் பயமில்லை. என் அப்பா விடியக் கடலுக்குப் போனார். இப்போது காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. அம்மா சோறு சமைத்துவிட்டார். அப்பா வருவார்.’

பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் காலங்களைப் படித்தவன் நான். எதிர்காலம் என்றால் என்ன என்று எனக்கு அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான் காட்டினாள். எட்டு மாதம் என் முன்னால் இருந்த பிள்ளையின் அப்பா கடலுக்குப் போகிறவர் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவளுக்கோ என் வீட்டில் எல்லாம் தெரியும்.

பிறகு கைகள் எழும்பத் தொடங்கின. ஒருவனின் மாடு கன்று போட்டிருந்தது. ஒருத்தியின் அண்ணை கனடாவில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். பிழையும் இருந்தது, திக்கலும் இருந்தது. ஒரு மணித்தியாலம் நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆசிரிய வாழ்க்கையில் அதைவிட நல்ல பாடம் அந்த மண்டபத்தில் நடந்ததில்லை. அதில் என் பங்கு வாயைத் திறக்காமல் நின்றதுதான்.

கார்வரைக்கும் பின்னால் போனேன். மிஸ் கதவைத் திறந்துகொண்டு கேட்டார்.

“மூண்டு தரமோ?”

“அந்தத் தாள் பழசு மிஸ்,” என்றேன். “இப்ப நாலு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “பொய் சொன்ன ஆளை நான் எடுக்கேலாது தம்பி,” என்றார். “ஆனால் உம்மடை பிள்ளையளை விட்டிடாதையும்.” ஒஸ்ரின் ஒழுங்கை முனையில் திரும்பும்வரை நான் கைகட்டி நின்றேன். வேலை போனது வலித்தது. ஆனாலும் அன்றைக்கு அந்தக் காரை நான் கும்பிட்டிருப்பேன்.

வதனியின் அப்பா இருட்ட முன்னம் கரை சேர்ந்தார். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அதையும் அம்மா நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை.

“பதினொரு வீடு வேண்டாமெண்டதை ஊர்ப்பிள்ளையளுக்கு இங்கிலிசிலை படிப்பிச்சிருக்கிறாய். இனி ஆரடா தம்பி பொம்பிளை தருவினம்?”

தந்தார்கள். பன்னிரண்டாம் வீட்டுப் பெண் வதனியின் சித்தி, அவளுடைய அம்மாவின் தங்கை. பெண் பார்க்கப் போன அன்று, உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. எட்டு மாதமாக வதனி அந்த வீட்டு விறாந்தையில் நடந்து நடந்து என்னைப் பாடமாக்கியிருக்கிறாள். தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “இப்ப எத்தினையாம் தரம்?”

கலியாணம் முடிந்து, இப்போது அவர்தான் ஸ்கூட்டி ஓட்டுகிறார். நான் பின்னால் இருக்கிறேன். அந்தப் பழைய தாள் எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறது. வயதையும் பதினொரு வீட்டையும் அவர் தொடுவதில்லை. தேவாரமாம், மாற்றக்கூடாதாம். நான் சாரதிப் பரீட்சைக்குப் போகிற நாட்களில் மட்டும் மகளை வாசலுக்குக் கூட்டிவந்து, ‘அப்பா வருவார்’ என்று ஆங்கிலத்தில் சொல்ல வைப்பார். பின்னேரம் நான் பஸ்ஸில் வந்து இறங்கினால் ஒன்றும் கேட்கமாட்டார். பென்சிலை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், இறந்தகாலத்தில் இருக்கிற அந்த எண்ணை அழித்து, ஒன்றைக் கூட்டி எழுதிவிட்டு வருவார். போன மாதத்தோடு ஒன்பது.