வெள்ளிக்கிழமை மட்டும் வேலை செய்த தவளை

துர்க்கு, நவம்பர் 14

பேரன்புக்குரிய மச்சான் எஸ்கோ அவர்களுக்கு,

தாங்களும் குழந்தைகளும் அங்கே நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை சிர்க்கா நலம், பூனை நலம், நான் மட்டும் நலமில்லை. காரணம் தாங்கள்தான் என்பதால் மரியாதையை இந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆய்வுக்கூடக் கட்டடத்துக்குக் காற்றுக் குழாய் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "பார்த்துப் போடு மச்சான்" என்றதற்கு "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று எகிறினாய். இப்போது கேள். இங்கே சைமி என்றொரு பெண் நாலு வருஷமாய் முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறாள். சின்னத் தட்டில் தண்ணீர் எடுத்து, அதன்மேல் ஒரு சொட்டுக் கொழுப்புக் கரைசல் விடுவாள். அது ஒற்றை மூலக்கூறு கனத்துக்குப் படலமாய்ப் பரவும். படலத்துக்கு அடியில், தவளைத் தோலில் கிடைக்கிற குட்டி மூலக்கூறு ஒன்றை ஊசியால் செலுத்துவாள். அது இடித்துக்கொண்டு படலத்துக்குள் நுழைந்தால் மீட்டரில் அழுத்தம் ஏறும், சைமிக்குப் பட்டம். நுழையாவிட்டால் நாலு வருஷமும் வீண். விரல் பிசுக்கு பட்டால்கூடக் கணக்கு கெட்டுவிடும், அதனால் இருபத்தெட்டு வருஷமாய் அந்த அறையைத் துடைத்துத் துடைத்து என் கையே தேய்ந்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு அந்த மூலக்கூறு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் நுழைந்தது! சைமியும் அதை ராசி என்று நினைத்து, முக்கியமான சோதனைகளை எல்லாம் வெள்ளிக்கிழமைக்கே தள்ளிவைத்துவிட்டாள்.

வரைபடங்களின் தேதிகளைப் பார்த்த பேராசிரியர் ஹக்கரைனன் அம்மா, "ஏம்மா, உன் தவளைக்கு மத்த நாளெல்லாம் லீவா?" என்று கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை தவளைச் சரக்கே இல்லாமல் வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றி விடச் சொன்னார். அதற்கும் அழுத்தம் ஏறியது! ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம்தான் பாக்கி. "தௌனோ, அழுக்கு எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிங்க" என்றார் அம்மா. எனக்கு வெறியே பிடித்துவிட்டது. கைக் கிரீம்களைப் பிடுங்கினேன், வெண்ணெய் பன்னுக்குத் தடை போட்டேன், தாடிக்காரர் இருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தினேன், அம்மாவின் உதட்டுச் சாயத்தையே அழிக்கச் சொன்னேன். துப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. நேற்று வெள்ளி. அலுத்துப்போய், வழக்கம்போல் நாலு மணிக்கு அடித்தளத்துச் சவுனாவுக்கு ஆவிக் குளியல் போடப் போனேன். அலுமினியத் தாளில் சுற்றிய கொழுத்த இறைச்சி சாசேஜ்களை அடுப்புக் கல்மேல் வைத்து வேகவிடுவது சவுனா சங்கத் தலைவன் என்ற முறையில் என் பொறுப்பு. வெந்ததா என்று தாளைப் பிரித்த சிறிது நேரத்துக்கெல்லாம், மீட்டர் தெரியும் போனோடு சைமி ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"அண்ணே, உள்ள என்ன பண்றீங்க?"

"சவுனால என்ன பண்ணுவாங்க? வேர்த்துக்கிட்டிருக்கேன்."

"வெறும் தண்ணிதான் விட்டேன், இப்ப சடார்னு ஏறுது. எதையாவது திறந்தீங்களா?"

"சாசேஜ் வெந்திருச்சான்னு பார்த்தேன்."

"மூடுங்க" என்றாள். மூடினேன். "நின்னுடுச்சு. திறங்க." திறந்தேன். "ஏறுது அண்ணே, நாலு வரைக்கும் ஏறிடுச்சு!" என்று கத்தியவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். உடம்பில் ஒரு துணிகூட இல்லாமல் கையில் சாசேஜோடு நிற்கிறவன் என்ன ஆறுதல் சொல்ல முடியும், நீயே சொல். "இரும்மா, வெளிய வர்றேன்" என்றேன். "ஐயோ வேணாம், அங்கேயே இருங்க!" என்று ஓடிவிட்டாள்.

உன் குழாய் சவுனா ஆவியை வெளியே தள்ளாமல், கொழுப்போடு கொண்டுபோய் அவள் தட்டின்மேல் கொட்டுகிறது மச்சான்! நான் ருசியாய்த் தின்ற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் பட்டத்தில் கைவைத்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாயிருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தால் ஆய்வேடு குப்பைக்குத்தான் போகும். ஆகவே யாரிடமும் மூச்சுவிடாதே என்று சைமிக்குச் சொல்லிவிட்டேன். நீ கருவிப் பெட்டியோடு வந்து, யாருக்கும் தெரியாமல் குழாயைப் பிரித்துவிட்டுப் போ.

குழந்தைகளுக்கு என் அன்பு, உன் மனைவிக்கு என் வணக்கம். உன் கைகளுக்கு மட்டும் ஆசி கிடையாது.

இப்படிக்கு,
தௌனோ

பி.கு.: குழாயைத் தொடாதே! தபாலில் போடுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. சைமி இன்று காலையிலேயே அம்மாவிடம் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். பட்டம் போச்சு என்று நான் சுவரோரம் ஒண்டி நின்றேன். அம்மா பழைய வரைபடத்தையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "வெறும் தண்ணிக்கு நாலு ஏறுது. தவளைக்குப் பதினொண்ணு ஏறியிருக்கு. மிச்சம் ஏழு யாரோடது, சைமி?" என்றார். சுத்தமான படலத்துக்குள் நுழைய மாட்டேன் என்ற தவளைச் சரக்கு, சாசேஜ் கொழுப்பு கலந்த படலத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகிறதாம்! ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயமே இனி அதுதான். ஸ்வீடனிலிருந்து வரும் தேர்வாளர், தன் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம். "மேல மீட்டர்கிட்ட உட்காருவாரா?" என்று கேட்டேன். "மீட்டரை நான் பார்த்துக்கறேன். அவருக்கு சாசேஜைத்தான் பார்க்கணுமாம்" என்றார் அம்மா. குழாய் போட்டவரிடமும் தேர்வாளர் நாலு கேள்வி கேட்க வேண்டுமாம். அதனால் மச்சான், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து சேர். கருவிப் பெட்டி வேண்டாம், துண்டு போதும்.