பாலைவனத்தின் குழியும் நான் விழுங்கிய கல்லும்

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பாலைவனம் குழி தோண்டியது மாணிக்கக் கல்லுக்குத்தான் என்று சத்தியமாக நம்பியவன் நான். இரத்தினபுரிப் பக்கத்தில் ஒருவன் மண்வெட்டியைத் தூக்கினால் வேறெதை நம்புவது?

பாலைவனம் என்பது பட்டப்பெயர். ஏதோ ஒரு பாலைவன நகரத்தில் தெருவோரச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலை பார்த்துவிட்டு, கொடகவெலப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியவர். மழையைத் திட்டாமல், மழை ஓடும் கானை, அந்த வடிகாலைத் திட்டிய மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். மழை வந்தால் நாங்கள் உள்ளே ஓடுவோம். அவர் வெளியே ஓடுவார்.

"ஐயோ, போகுதே! போகுதே!"

"என்னண்ணே போகுது, கொடகவெல பஸ்ஸா?" என்று லயமே சிரிக்கும்.

"சிரிங்க, சிரிங்க. அங்க வருஷத்துல ரெண்டு நாள் பெய்யிறத முழுத் தெருவும் சேந்து புடிச்சு மரம் வளக்குது. நீங்க கொட்டுற மழைய கானுக்கு வுட்டுட்டு, மாசியில பூச்செடிய சாகடிக்கிறீங்க!"

லயத்தின் பத்துக் காம்பரா வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, கூரைத் தண்ணீர் குழிக்கு இறங்கத் தகரப் பீலி கட்டினார். நான் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர், விவரமானவன். பீலியெல்லாம் கண்துடைப்பு என்று கண்டுபிடித்துவிட்டேன். குழி வாயில் குவிந்திருந்த கற்களில் பளபளவென்று ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையே போலீஸ் ஜீப். யாரோ பெட்டிசம் போட்டிருக்கிறார்கள். லைசன் இல்லாத மாணிக்கக் குழி என்றால் குழியும் மூடப்படும், என் உத்தியோகமும் மூடப்படும். சார்ஜன் என் பக்கம் திரும்பினார். கல்லை வாயில் போட்டேன். என் பெயரைக் கேட்டார். விழுங்கிவிட்டேன்.

"வத்துர, மாத்தயா, வத்துர!" தண்ணீருக்கான குழி என்று பாலைவனம் சிங்களத்தில் மன்றாடினார். காய்ந்து கிடந்த குழியைக் காட்டித் தண்ணீர் என்றால் யார் நம்புவார்? சார்ஜன் மூடச் சொல்லிக் கையை நீட்டினார். நீட்டிய கையில் ஒரு சொட்டு. அப்புறம் எங்கள் ஊர் மழை! பத்துக் கூரைத் தண்ணீரும் பீலி வழியே இறங்கிக் குழிக்குள் இரைந்தது. இறவாரத்தில் ஒதுங்கி நின்ற சார்ஜன், போகும்போது தன் குவாட்டர்ஸுக்குப் பீலி எத்தனை அடி வேண்டும் என்று விசாரித்தார்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாலைவனத்திடம் உண்மையைச் சொன்னேன்.

"அட கிளாக்கரையா! அது தண்ணி வடிக்கிறதுக்கு ரோட்டு வேலைக்காரங்கக்கிட்ட நான் கேட்டு வாங்கின சல்லிக் கல்லு!"

மாசியில் குழாய் வற்றியது. பத்துக் காம்பரா வாசலிலும் செவ்வந்தி வாடாமல் நின்றது. குழியிலிருந்து அள்ளிய முதல் வாளித் தண்ணீரை பாலைவனம் சுமந்து வந்து ஊற்றியது என் வீட்டு ரோசாச் செடிக்கு.