வைஜெயந்திக்குத் தெரியாமல் ஒரு லென்ஸ்

இந்த வருஷம் அந்தக் காலண்டர் என்னுடையது!

இப்படி ஒரு சபதம் எடுத்தேன். குளியலறைக்குள், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு எடுத்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் வேறு எந்த மூலையில் சபதம் எடுத்தாலும் என் மனைவி வைஜெயந்தியின் காதுக்குப் போய்விடும்.

"தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது. உள்ள என்ன பாகல் மாதிரி, பைத்தியமாட்டம் தனியா பேச்சு?" என்று கதவுக்கு வெளியே குரல் கேட்டது. சபதத்தை அதோடு முடித்துக்கொண்டேன்.

என் பெயர் பக்தவத்சலம். ஹேடோ துறைமுகத்தில் சரக்குப் பிரிவில் கிளார்க். அது வயிற்றுக்கு. உள்ளுக்குள் நான் ஒரு புகைப்படக் கலைஞன். இந்த விஷயம் எனக்கும் என் டிஜிட்டல் கேமராவுக்கும் மட்டும்தான் இதுவரை தெரியும்.

எங்கள் ஊழியர் சங்கம் வருஷா வருஷம் போட்டோப் போட்டி வைக்கும். ஊழியர்களும் குடும்பத்தாரும் கலந்துகொள்ளலாம். வீட்டுக்கு ஒரு படம்தான். முதல் பரிசு வாங்கும் படம் சங்கத்துக் காலண்டரில் ஏறும். எங்கள் தீவுக்கூட்டத்தின் வடகோடி டிக்லிபூரிலிருந்து தென்கோடி காம்ப்பெல் பே வரை சுவர்சுவராகத் தொங்கும். ஒன்பது வருஷமாக நான் அனுப்பாத சூரியன் இல்லை. சாத்தம் பாலத்துக்குப் பின்னால் இறங்கும் சூரியன், பாம்பூஃப்ளாட் படகுக்குப் பின்னால் இறங்கும் சூரியன். எல்லாம் என்னோடு சேர்ந்து இறங்கியதுதான் மிச்சம். காலண்டரில் ஏறியது பக்கத்து செக்ஷன் கிருஷ்ணமூர்த்தி. போன வருஷம் அவர் எடுத்தது ஒரு நண்டு. அந்த நண்டின் முகத்தில் பன்னிரண்டு மாதம் விழித்தேன் சார்!

இந்த வருஷத் தலைப்பு, 'தீவின் முகங்கள்'.

முகத்துக்கு போர்ட்ரெய்ட் லென்ஸ் வேண்டும். கேமராவோடு வந்த லென்ஸில் முகம் எடுத்தால், பின்னால் காயும் லுங்கியும் காஸ் சிலிண்டரும் முகத்தைவிடத் தெளிவாக விழுகின்றன. போர்ட்ரெய்ட் லென்ஸில் முகம் மட்டும் பளிச்சென்று நிற்கும், மற்றதெல்லாம் பாலில் கரைந்த மாதிரி போய்விடும். கடலுக்கடியில் கேபிள் வந்து எங்கள் ஊர் இன்டர்நெட்டுக்கு உயிர் வந்ததிலிருந்து இந்த லென்ஸ் வீடியோக்கள்தான் எனக்குச் சாப்பாடு. ஒருவன் ஒரு கிழவரின் கண்ணைப் படம் எடுத்திருந்தான். இமை முடிகளை எண்ணிவிடலாம். ஒரு மனுஷ முகத்துக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று வாயைப் பிளந்துவிட்டேன்.

"வாயை மூடிட்டுப் பாருங்க. ஈ போகுது," என்றாள் வைஜெயந்தி.

வீட்டில் லென்ஸ் என்ற பேச்சையே எடுக்க முடியாது. மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய மூன்று ஏற்கெனவே பீரோவில் தூங்குகின்றன. லென்ஸுக்கும் கேமராவுக்கும் பொருத்தம் பார்ப்பது கல்யாணப் பொருத்தத்தைவிடக் கஷ்டம். முதல் லென்ஸ் வேறு கம்பெனி, வாசலிலேயே முறைத்துக்கொண்டது. இரண்டாவது உள்ளே போனது, வெளியே வர மாட்டேன் என்றது. மூன்றாவது எல்லாம் பொருந்தியது. ஆனால் நம் ஊர் ஈரக்காற்றுக்கு உள்ளே காளான் பூத்துவிட்டது.

"காளானா? குழம்பு வைக்கவாவது ஆகுமா?" என்று கேட்டாள். பிறகு சட்டம் போட்டாள். "இனிமே இந்த வீட்டுக்குள்ள கண்ணாடின்னு ஒண்ணு வந்தா, அது உங்க மூக்குல மாட்டறதா இருக்கணும். வயசு அம்பத்திமூணாச்சு, பேப்பரைக் கையை நீட்டிப் படிக்கறீங்க."

ஆன்லைனில் வாங்கலாம் என்றால், 'உங்கள் பின்கோடுக்கு டெலிவரி இல்லை.' மெயின்லேண்டிலிருந்து வருகிற ஆள்தான் கொண்டுவர வேண்டும். அங்கேதான் சிக்கல். ஹேடோவில் எந்தத் தமிழ் வீட்டு ஆள் சென்னைக்குப் போனாலும் வைஜெயந்தியிடம் சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். திரும்பும்போது யார் பையில் எவ்வளவு இடம், அதில் யார் வீட்டு மாத்திரை, யார் வீட்டு அப்பளம் என்று ஒரு பழைய டைரியில் எழுதிப் பிரித்துக் கொடுப்பவள் அவள்தான். எங்கள் ஆபீஸில் ஆறு பேர் பார்க்கும் வேலை இது. அவள் கூட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பாள்.

பக்கத்து வீட்டு ஜெகநாதன் பல் வைத்தியத்துக்குச் சென்னை கிளம்பினான். அவனைச் சாத்தம் படகுத்துறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"ஒரு லென்ஸ். அம்பது எம்.எம். செகண்ட் ஹேண்ட். கடை அட்ரஸ், என் கேமரா மாடல் எல்லாம் இந்தச் சீட்டுல இருக்கு."

"அக்கா டைரியில ஏத்தியாச்சா?"

"ஏத்தியிருந்தா உனக்கு ஏன்யா இங்க டீயும் சமோசாவும்?"

"அரே அண்ணே! அக்காவுக்குத் தெரியாம கப்பல்ல இருந்து நானே இறங்க முடியாது. லென்ஸ் எப்படி இறங்கும்?"

"புளிக்குள்ள. அஞ்சு கிலோ புளி வாங்கு, நடுவுல டப்பாவை வை. என் தங்கச்சி குடுத்துவிட்ட புளின்னு சொல்லு."

"இது மட்டும் அக்காவுக்குத் தெரிஞ்சா..."

"தெரியாது!" என்றேன். இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் அவ்வளவு கம்பீரமாக நான் எதையும் சொன்னதில்லை.

மூன்று வாரம் கழித்துக் கப்பல் வந்தது. புளியும் வந்தது.

"உங்க தங்கச்சி இன்னிக்குத்தான் கை நீட்டிக் குடுத்திருக்கா," என்றாள் வைஜெயந்தி. "நீங்களே பிரிச்சு ஜாடியில போட்டுடுங்க. நான் கோயிலுக்குப் போயிட்டு வரேன்."

தெய்வம் என் பக்கம்தான் என்று நினைத்தேன். முழங்கை வரை புளியோடு டப்பாவை வெளியே எடுத்தேன். லென்ஸைக் கேமராவில் வைத்துத் திருப்பினேன். 'டக்.' என்ன ஒரு சத்தம்! பொருந்திவிட்டது! அதன் வழியாக வாசலைப் பார்த்தேன். செம்பருத்தி ஒன்று தனியாக நின்றது, பின்னால் இருந்த உலகமே கரைந்து வழிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்சம் புளியும் போயிருக்கலாம்.

பட்டனை அழுத்தினேன். படம் மங்கல். மறுபடி அழுத்தினேன். மறுபடி மங்கல். வீடியோ வீடியோவாகப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. என் கேமராவில் ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. இந்த லென்ஸிலும் கிடையாது. கையால் வளையத்தைத் திருப்பித்தான் ஃபோக்கஸ் பண்ண வேண்டும். அதற்குக் கண் வேண்டும். என் கண்தான் பேப்பருக்கே கையை நீட்டச் சொல்கிறதே!

ஜெகநாதனை அவன் வீட்டுக் கொல்லையில் உட்காரவைத்து நாற்பது படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் காது பளிச், மூக்கு பனிமூட்டம்.

"என் காதுக்குப் பரிசு குடுப்பாங்களா அண்ணே?" என்று கேட்டான். அவன் முகத்தில் ஒரு நமுட்டுச் சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது. ஃபோக்கஸ் இல்லாததால் சரியாகத் தெரியவில்லை.

படம் கொடுக்கக் கடைசி நாள் வந்துவிட்டது. காலையில் வைஜெயந்தி குளிக்கப் போன நேரம், வராந்தாவில் கேமராவோடு செம்பருத்தியிடம் போராடிக்கொண்டிருந்தேன். பத்தாவது வருஷமும் போச்சு என்று அழுகையே வந்துவிட்டது. பின்னால் குரல் கேட்டது.

"குடுங்க இப்படி."

கொடுத்தேன். வேறென்ன செய்ய?

"அந்த ஸ்டூல்ல உட்காருங்க. லுங்கியை இழுத்து விடுங்க."

உட்கார்ந்தேன். அவள் கேமராவைக் கண்ணில் வைத்தாள். அரிசியில் கல் பொறுக்குகிற விரல் இருக்கிறதே, அந்த விரலால் வளையத்தைத் துளித்துளியாகத் திருப்பினாள். மீன் மார்க்கெட்டில் ஆட்டோவை விட்டு இறங்குமுன்பே எந்த மீன் நேற்றையது என்று சொல்கிற கண் அது.

"மோட்டார் இல்லைன்னா என்ன, நல்லாத்தான் தெரியுது," என்றாள்.

"மோ... மோட்டாரா? உனக்கு எப்படி...?"

"ஜெகநாதன் கடையில நின்னுக்கிட்டே போன் பண்ணான். 'அக்கா, ரெண்டு லென்ஸ் இருக்கு. அண்ணன் கேமராவுக்கு மோட்டார் வச்சதுதான் வேணுமாம், விலை ஜாஸ்தி'ன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"மோட்டார் இல்லாததே போதும்னேன். எங்க வீட்டுக்காரருக்கும்தான் மோட்டார் கிடையாது, இருபத்திரண்டு வருஷமா நான் கையாலதானே திருப்பறேன்னு சொன்னேன். மிச்சத்துக்கு மிக்ஸி ஜார் வாங்கிட்டு வந்தான். பத்து நாளா சட்னி பிரமாதம் பிரமாதம்னு சாப்பிடறீங்களே, அது உங்க லென்ஸுங்க."

க்ளிக்.

அவ்வளவுதான், ஒரே படம். கேமராவின் திரையில் பார்த்தேன். லுங்கி, சிலிண்டர் எல்லாம் கரைந்துபோய், நடுவில் ஒரு முகம். ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனி. கண் இரண்டும் அகல விரிந்து, வாய் பாதி திறந்து. வீடியோவில் பார்த்த கிழவர் இதற்கு முன்னால் நிற்க முடியாது. நான் இவ்வளவு அழகா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. இல்லை, அவள் அவ்வளவு கெட்டிக்காரி. சத்தியமாக அசந்துபோனேன்.

"இதையே குடுத்துடலாம்," என்றேன். "படிவத்துல பேரு..."

"பட்டனை அமுக்கினது யாரு?"

"நீ."

"அப்ப என்ன கேள்வி?" என்று பேனாவை எடுத்தாள்.

அடுத்த மாதம் சங்க ஹாலில் பரிசளிப்பு. முதல் பரிசு, வைஜெயந்தி பக்தவத்சலம். பெரிதாக பிரிண்ட் போட்டு மேடையில் மாட்டியிருந்தார்கள். எதிரே கிருஷ்ணமூர்த்தி எழுந்து நின்று பார்த்தார். கொல்கத்தாவிலிருந்து வந்திருந்த நடுவர் மைக்கைப் பிடித்து உருகிவிட்டார். "முப்பது வருஷமாகப் படம் எடுக்கிறேன். கடவுளை நேரில் கண்டவன் முகத்தில்தான் இப்படி ஒரு பிரமிப்பு வரும். அம்மா, இந்த முகத்தை எப்படி வரவழைத்தீர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

வைஜெயந்தி அதே இந்தியில் அடக்கமாகச் சொன்னாள். "அது ஒண்ணும் கஷ்டமில்லைங்க. எனக்கு என்னவெல்லாம் தெரியும்னு அவர்கிட்டச் சொன்னேன். இன்னும் பாதி சொல்லலை. அடுத்த வருஷப் போட்டிக்கு வச்சிருக்கேன்."