பந்தியண்ணையும் வெறும் வயிறும்

இத்தாலியின் பலெர்மோவில் ஒரு மனிதனைப் பட்டினி போட வேண்டுமானால் முதலில் பந்தியண்ணையை நாடு கடத்த வேண்டும். அவர் ஊரில் இருக்கும்வரை அது நடக்காத காரியம்.

அவருடைய சொந்தப் பெயர் அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கும், எங்களுக்குத் தெரியாது. எங்களைப் போல இலங்கைத் தமிழர், மன்னார்க்காரர். போர்கோ வெக்கியோ பகுதியில் எங்களுக்குக் கீழ்வீட்டில் தனியாக இருந்தார். மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. பகலெல்லாம் இத்தாலியருக்கு மீன் வெட்டிவிட்டு வந்து, மாலையில் எங்களுக்கு உலை வைப்பார். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் அவருக்கு அது பந்தி. மூன்றாவது ஆள் வருவதற்குள் பேப்பர் தட்டுகளை விரித்துவிடுவார்.

ஒருநாள் எரிவாயுக் குழாய் பார்க்க வந்த இத்தாலியர் இறால் கறி சாப்பிட்டுவிட்டு, குழாயைப் பார்க்காமலே ஏப்பம் விட்டபடி இறங்கிப் போனார். அடுத்த கிழமை குழாய் பார்க்க வேண்டும் என்று திரும்பி வந்தார். மனைவியையும் கூட்டிக்கொண்டு.

இன்னொரு நாள், வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில் வரிசை நின்றது. றோல்ஸ் பரிமாற வசதியாக எல்லாரையும் நடைபாதையில் உட்கார வைத்துவிட்டார் பந்தியண்ணை. ஏதோ போராட்டம் என்று ஓடிவந்த பொலிஸ்காரர் கையிலும் ஒன்றைத் திணித்தார். "மஞ்சா, மஞ்சா! முதல்லை சாப்பிடுங்கோ, பிறகு கதைப்பம்!" பொலிஸ்காரர் கடித்தார். உறைப்பு தலைக்கேறிப் பேச்சு வரவில்லை. விசாரணை அதோடு முடிந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் கோவில் பாதருக்கு நடுக்கம். "ஊரே ஒருசந்தி விரதம் இருக்குது. நீங்கள் இண்டைக்கு மட்டும் பகேரியாவிலை சொந்தக்காரர் வீட்டிலை போய் நில்லுங்கோவன்" என்று ஒருமுறை கும்பிடாத குறையாகக் கேட்டார்.

"ஓம் பாதர். அவையும் பாவம், சாப்பிட்டிருக்க மாட்டினம். போய்ப் பாத்திட்டு வாறன்."

இப்பேர்ப்பட்டவரிடம் போய்த்தான் நான் பட்டினி கிடக்க ஆள் கேட்டேன்.

நான் பள்ளிக்கூடம் முடித்த கோடை அது. குடியேறியவர்களின் பிள்ளைகள், தரை துடைப்பதைத் தவிர வேறெதற்கும் ஆய்வுகூடத்துக்குள் வருவதில்லை என்று யாரோ ஒரு நல்ல மனிதர் கண்டுபிடித்திருந்தார். அதனால் ஒரு மருத்துவ ஆய்வுகூடம் எங்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. முடிவில் ஆளுக்கொரு சிறிய ஆய்வு செய்து காட்ட வேண்டும். நன்றாக வந்தால் உதவித்தொகையோடு இன்னொரு வருடம் அங்கேயே தொடரலாம். வராவிட்டால், ஓர் இத்தாலிய அம்மணி வீட்டு இஸ்திரிப்பெட்டி எனக்காகக் காத்திருந்தது. அம்மா அந்த வேலையை ஏற்கெனவே பேசி வைத்துவிட்டார்.

எங்கள் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு சர்க்கரை வியாதி என்பது என் கேள்வி. ஆய்வுகூடத்துப் பேராசிரியைக்கு அது பிடித்துப்போனது. உங்கள் ஆட்களின் இரத்தம் எங்கள் ஆய்வுகளில் இல்லவே இல்லை என்றார். இதை அம்மாவிடம் சொன்னேன். "வேலை வாங்கினம், வரி வாங்கினம். இப்ப ரத்தமும் கேக்கினமோ?" என்றார்.

ஆள் சேர்க்க பந்தியண்ணையை விட்டால் வேறு யார்? விளக்கமாகச் சொன்னேன்.

"அண்ணை, ஞாயிறு காலமை எல்லாரும் வெறும் வயித்தோடை வரவேணும். அது முக்கியம்."

"விளங்குது பிள்ளை. நீ யோசியாதை. ஒருத்தரும் சாப்பிட்டிட்டு வராமல் நான் பாத்துக்கொள்ளுறன்."

ஞாயிறு காலை கோவில் மண்டபத்துக்குப் போனேன். கேட்டதற்கு மேலேயே ஆட்கள் வந்திருந்தார்கள். வரிசையாக, சிரித்த முகத்தோடு இருந்தார்கள். மண்டபமெங்கும் சம்பல் வாசம். பந்தியண்ணை வெறும் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை! வெறும் வயித்தோடை எண்டெல்லோ சொன்னனான்?"

"ஓம். எல்லாரும் வெறும் வயித்தோடைதான் வந்தவை. அதாலைதான் குடுத்தனான்."

எனக்கு அழுகை முட்டியது. இஸ்திரிப்பெட்டியின் சூடு முகத்தில் அடித்தது. அந்த நேரம் பார்த்துப் பேராசிரியையும் தாதியும் உள்ளே வந்தார்கள். யார் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு, எப்போது என்று பேராசிரியை கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஆளுக்கு ஒரு குழல் புட்டும் சம்பலும். சனம் கூடிப்போச்சு, ரெண்டாம்தரம் குடுக்க வழியில்லை" என்று வெட்கத்தோடு சொன்னார் பந்தியண்ணை. "செபம் சொல்லி முடிஞ்சு எல்லாரும் ஒண்டாய்த்தான் கை வைச்சவை. ஒருத்தரையும் முந்த விடேல்லை. இப்பதான் முடிஞ்சுது."

பேராசிரியையின் முகம் மலர்ந்தது. ஒரே சாப்பாடு, ஒரே அளவு, ஒரே நேரம்! சர்க்கரை எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிடலாம். வெறும் வயிற்று இரத்தத்தை வேறொரு நாள், இவரைக் கட்டிப்போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் இனி இரண்டு மணித்தியாலம் யாரும் வாயில் எதுவும் வைக்கக்கூடாது.

"தேத்தண்ணி?" என்றார் பந்தியண்ணை.

"இல்லை அண்ணை."

"விசுக்கோத்து ஒண்டு? சின்னன்."

"அண்ணை, இது பிழைச்சால் நான் அயன் பண்ணத்தான் போகவேணும்."

 அவர் பெரிய தேநீர்ப் போத்தலைத் தூக்கிப் பேராசிரியை கையில் கொடுத்தார். "இதைக் கொண்டுபோய் உங்கட காருக்குள்ளை வைச்சுப் பூட்டுங்கோ. என்னை நம்பேலாது."

தாதி அரைமணிக்கொருதரம் விரல்களில் குத்திக்கொண்டே வந்தார். பந்தியண்ணை வாசலில் நின்று வியர்த்தார். பாதி நேரத்தில், பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவி தட்டு நிறையக் கன்னோலியோடு வந்து நின்றார். பால்கட்டி நிறைத்த அந்தப் பலகாரத்தைப் பார்த்ததும் மண்டபமே எழுந்துவிட்டது. பந்தியண்ணை இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்தார்.

"நோ! நோ மஞ்சா! ஒருத்தரும் தொடக்கூடாது, பிள்ளையின்ர படிப்பு!"

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கிழவி கோபித்துக்கொண்டு போனார். கடைசி விரலில் குத்தி முடித்ததும் பந்தியண்ணை ஓட்டமாக ஓடி, காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, கிழவியையும் தட்டையும் ஒன்றாகக் கூட்டிவந்தார்.

ஆய்வைக் காட்டிய நாளில் பந்தியண்ணை கோட்டுப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார். திரையில் சர்க்கரைக் கோடு மலைபோல எழுந்தது.

"பிள்ளை, இது என்ர புட்டோ?" என்றார் சபை நடுவில்.

"ஓம் அண்ணை."

"எவ்வளவு வடிவாய் ஏறுது!"

அப்படி ஏறக்கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு இடம் கிடைத்தது. இன்றும் அந்த ஆய்வுகூடத்தில்தான் வேலை. பந்தியண்ணை இப்போது மகளோடு லண்டனில் இருக்கிறார். அந்த ஊர் இந்நேரம் எடை கூடியிருக்கும். என் படிப்புக்காக நேர்த்தி வைத்து விரதம் இருந்தவர்கள் பலர். எனக்காக மற்றவர்களைச் சாப்பிட விடாமல் தடுத்தவர் அவர் ஒருவர்தான். அது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம், அந்த மனிதர்மேல் எனக்குப் பாசம் பொங்கிவிடுகிறது.