அரிகிருஷ்ணன் கழற்றிய ஃபியூஸ்

உயிரே போனாலும் மச்சான் கையில் மறுபடியும் வண்டியைக் கொடுப்பதில்லை என்று சிங்கவரம் அரிகிருஷ்ணன் முடிவு செய்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவி அன்புக்கரசி பக்கத்திலேயே இருந்தாள்.

மச்சான் சேரன் பனமலைக்காரன், அன்புக்கரசியின் தம்பி. அவனும் ஒரு லாரி வைத்திருந்தான். அதன் பேட்டரி மண்டையைப் போட்டுவிட்டது. அவனுடைய இன்னொரு அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரை ஏற்றிப் போக மாமாவின் பழைய லாரி வேண்டுமாம். போன தடவை கொண்டுபோனவன் பின்கதவைக் கோணலாக்கிக் கொண்டுவந்து விட்டான். அது இன்றைக்கும் கோணல்தான்.

அரிகிருஷ்ணன் யோசித்தார். சாவி லைனின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சேரன் கண்ணெதிரிலேயே சாவியைத் திருப்பினார். வண்டி மூச்சு விடவில்லை.

"இன்னா மாமா ஆச்சு?"

"ஒயரிங் மொத்தமும் பூடுச்சு. இனிமே இது கிளம்பாது சேரா. காயலான் கடைதான்."

சொல்லும்போது குரல் தழுதழுத்தது. இவ்வளவு நன்றாக நடிப்போம் என்று அவருக்கே தெரியாது. அன்புக்கரசி ஒரு வார்த்தை பேசாமல் இருவருக்கும் காபி கொடுத்தாள். அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

காதுகுத்து முடிந்தது. மறுநாள் காலை வல்லம் பொன்னுசாமியின் கடலை மூட்டைகளைச் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு ஏற்ற வேண்டும். சீசனின் முதல் லோடு. இதில் பெயர் கெட்டால் வல்லத்தில் ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள். வருஷம் முழுக்க வண்டியில் கோழிதான் அடையும்.

துவைத்து மடித்த சட்டையை எடுத்தார். பையில் ஃபியூஸ் பத்திரமாக இருந்தது. சீட்டியடித்துக்கொண்டே அதை மாட்டிச் சாவியைத் திருப்பினார்.

டிக்.

மறுபடி திருப்பினார். டிக். ஹாரனை அழுத்தினார். சளி பிடித்த ஆடு கத்துவது போல ஒரு சத்தம் வந்து நின்றது.

வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். எர்த் ஒயரைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். டிக். வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால் தட்டினார். பிறகு அதைக் கையெடுத்துக் கும்பிட்டார். டிக்.

எதிர்வீட்டுத் தனகோட்டி வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றார்.

"பேட்டரிய பாத்தியா?"

"அது புதுசு. ஆயுத பூஜைக்கு வாங்கி நானே நாமம் இட்டேன்."

"தொறந்து பாத்தா இன்னா கொறஞ்சா பூடுவ?"

"புதுசுங்கறேன்."

போன் அடித்தது. பொன்னுசாமி.

"கூட்ரோடு தாண்டிட்டேண்ணே, தோ வந்துகினே இருக்கேன்" என்றார் அரிகிருஷ்ணன், வண்டிக்கு அடியில் படுத்தபடி.

ராஜகிரிக் கோட்டை மலைக்கு மேலே வெயில் ஏறிவிட்டது. பொன்னுசாமியிடமிருந்து அப்புறம் போனே வரவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. கழற்ற வேறு எதுவும் மிச்சமில்லாமல், கடைசியில் பேட்டரிப் பெட்டியைத் திறந்தார்.

நாமத்தைக் காணோம். பேட்டரியின் நெற்றியில் விபூதி, பட்டை பட்டையாக. சிங்கவரத்தில் பெருமாளைக் கும்பிடுகிறவர் வீட்டுப் பேட்டரி அது இல்லை. பனமலை ஈஸ்வரனைக் கும்பிடுகிறவன் வீட்டுப் பேட்டரி.

அன்புக்கரசி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என் பேட்டரி எங்க?"

"தம்பி வண்டியில. இனிமே இது கிளம்பாதுன்னு நீங்கதான அழுவாத கொறையா சொன்னீங்க? நல்ல பேட்டரி எதுக்கு வீணா கெடக்கணும்? நீங்க டீ குடிக்கப் போனப்ப மாத்திக்கினு போச் சொன்னேன். சீரு ஜோரா போய் எறங்குச்சு."

நான் சொன்னது பொய் என்று சொன்னால்தான் சண்டையே போட முடியும்.

"வல்லத்து லோடு?" என்றார் அரிகிருஷ்ணன். இப்போதும் குரல் தழுதழுத்தது. இந்தத் தடவை நடிப்பில்லை.

"பொன்னுசாமி அண்ணன் எனக்கு போன் பண்ணாரு. சேரன அனுப்பிட்டேன். சொன்ன நேரத்துக்கு வந்துட்டான், சீசன் முழுக்க அவனே வரட்டும்னுட்டாரு."

அவர் அப்படியே கோணல் கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே போகப் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இனிமே ஃபியூஸ சட்டைப் பையில வைக்காதீங்க. தொவைக்கறப்ப நனையாம எடுத்து வச்சி, சட்ட காஞ்சதும் ஞாபகமா அதே பையில போட வேண்டியிருக்குது."