புகை வராத வீட்டுக்கு வந்த துக்கக்காரர்கள்

தென்கோடி லெமூய் தீவு,
ஜூலை மாதக் கடுங்குளிர்

அன்பு மச்சான் பால்தோமேரோவுக்கு,

நானும் உன் அக்கா ஒத்திலியாவும் உயிரோடு இருக்கிறோம். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. உன் வீட்டாரும் ஆடுகளும் நலமாயிருக்கப் புனித அந்தோனியாரை வேண்டுகிறேன்.

மச்சான், ஜெயித்துவிட்டேன்! உன்னைப்போல் ஈர விறகை அடுப்பில் திணித்துக் கண்ணைக் கசக்கும் மடையன் நானல்ல. கோடையிலேயே பிளந்து, கொட்டகையில் காற்றாட அடுக்கி, கட்டையோடு கட்டை தட்டினால் மணிபோல ஒலிக்கும்வரை காயவைத்தேன். அடடா, என்ன சூடு! செலவு பாதி விறகுதான், வசந்தம் வரை தாராளமாகக் காணும். அதைவிட லாபம், புகையே இல்லை! புகை கண்டால் சுடச்சுட மாத்தே இலைத் தேநீர் குடிக்க வந்து ஒட்டிக்கொள்ளும் ஊராயிற்றே இது? ஒரு ஈ காக்காய் வரவில்லை. கம்பளியைக் கழற்றி எறிந்துவிட்டு ராஜா ராணியாய் உட்கார்ந்திருந்தோம், கதவு இடிபடும்வரை. திறந்தால் பக்கத்து வீட்டு ஓர்த்தென்சியா, கறுப்பு உடுப்பு, கையில் மெழுகுவத்தி, பின்னால் பாதித் தெரு.

"அடப்பாவி, நீ சாகலையா?"

"ஏன், சாகணுமா?"

"நாலு நாளா உன் வீட்டுல புகையே காணோமே! வெறைச்சுப் போயிட்டீங்கன்னு, உங்க ஆத்துமாவுக்காக இந்த வீட்டுலயே ஒம்பது நாள் ஜெபம் நேர்ந்துட்டோம். ஆமா, உள்ள என்ன இப்படி இதமா இருக்கு?"

"அதான் சாகலையே, போயிட்டு வாங்க."

"சாமிகிட்ட நேர்ந்ததை மாத்த முடியுமா? தள்ளு, குளிருது!"

துக்க வீடென்றால் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், அடுப்பும் அணையக் கூடாது. நாளுக்கு நாள் கூட்டம் பெருத்தது. கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவனெல்லாம் முழங்காலில் நின்றான், அதுவும் அடுப்போரமாக. "பிரேதமே, இன்னும் ரெண்டு கட்டை போடு!" என்று என்னையே ஏவினார்கள். உன் அக்கா வேறு, உருளைக்கிழங்கு அடை சுட்டுச் சுட்டுப் போட்டுக்கொண்டு, "உசிரோட இருக்கிறப்ப இந்த மனுஷனுக்கு இவ்வளவு மரியாதை கெடைச்சதே இல்ல" என்று கண்ணீர் விடுகிறாள்!

ஆனாலும் என் முறைதான் சரி, மச்சான். ஊரே சாட்சி. இனியாவது ஈர விறகை விட்டொழி. ஆண்டவர் உன்னையும் உன் விறகையும் உலர்வாக வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் அத்தான்,
ருதெசிந்தோ

பின்குறிப்பு: இதைப் படகில் உட்கார்ந்து முடிக்கிறேன். கொட்டகையில் ஒரு சிராய்கூட மிச்சமில்லை. உன் வீட்டு ஈர விறகுப் புகை இங்கிருந்தே தெரிகிறது, எவ்வளவு அழகு! கடிதத்தை உன் கையில் கொடுப்பவன் நான்தான். பின்னால் மூட்டையோடு நிற்பவள் உன் அக்கா. படித்தது போதும், எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்து. சூடு வீணாகிறது.