கம்ப்யூட்டர் சொன்ன உப்பு

எல்லாம் தெரிந்த மாதிரி நடந்துகொள்வதில் எனக்கு இயற்கையாகவே நல்ல திறமை உண்டு. அந்தத் திறமை உச்சத்துக்குப் போன நாளில்தான் மேலதிகாரி என் வகுப்பைப் பார்க்க வந்திருந்தார்.

மரக்காணம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. அந்த அதிகாரி அம்மா நல்லபடியாக அறிக்கை எழுதினால்தான் வேலை நிரந்தரம். எப்படியாவது அசத்திவிட வேண்டும் என்று, இணையத்தில் இலவசமாகப் பாடம் தரும் ஒரு தளத்தைப் பிடித்துவைத்திருந்தேன். வீடியோ, படம், கடைசியில் கேள்வி எல்லாம் அதிலேயே உண்டு. (இலவசமாக வரும் எதையும் நான் உள்ளே திறந்து பார்ப்பதில்லை, அது என் குணம்.) பாடம் ஆவியாதல், எடுத்துக்காட்டு உப்பு. ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் உப்பளத்துப் பிள்ளைகள். இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

திரையில் கடல் வந்தது, வெயில் வந்தது, இனிமையான குரலில் ஒரு பெண் விளக்கினார். அதிகாரி கடைசி பெஞ்சிலிருந்து தலையாட்டினார். மனசுக்குள் எனக்கு அப்போதே வேலை நிரந்தரமாகிவிட்டது.

பிறகு கேள்வி வந்தது. பாத்தியிலிருந்து உப்பை எப்போது வார வேண்டும்? தண்ணீர் முழுவதும் வற்றிய பிறகா, கொஞ்சம் தண்ணீர் நிற்கும்போதா?

மொத்த வகுப்பும் இரண்டாவதற்குக் கை தூக்கியது. அழுத்தினேன். திரையில் சிவப்பாக ஒரு பெரிய பெருக்கல் குறி. மதிப்பெண் பூஜ்யம்.

"வீடியோவ ஒழுங்கா பாத்தீங்களா இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன்.

முன் பெஞ்சு ஜெனிட்டா எழுந்தாள். "முழுசா காய வுட்டா உப்பு கசக்கும் டீச்சர். கொஞ்சம் தண்ணி நிக்கும்போதே வாரிட்டு, மிச்சத் தண்ணிய வெளிய வுட்டுடுவாங்க. கசப்பெல்லாம் அதுலதான் இருக்குது."

"உனக்குத் தெரியுமா, கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

"உங்க அப்பாவுக்கே தெரியுமே டீச்சர். எங்க அம்மாகூட அவரும்தான வார்றாரு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அதிகாரி எழுந்து வந்தார்.

"ஏம்மா, நீங்க உள்ளூரா?"

"ஆமாங்க மேடம்."

"அப்பா உப்பளத்துலயா?"

"ஆமாங்க மேடம்." (நான் படித்த காலத்தில் பள்ளி விடுமுறைகளில் அந்த மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட்டதே நான்தான்!)

"அப்ப நீங்க உக்காருங்க. பாப்பா, நீ வந்து நடத்து."

மீதிப் பாடத்தை ஜெனிட்டா நடத்தினாள். நான் அவள் இடத்தில் உட்கார்ந்து, வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு குறிப்பெடுத்தேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனாலும் அவள் என்னைவிட நன்றாகத்தான் நடத்தினாள்.

ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அறிக்கை வந்தது. 'இந்த வகுப்பில் மாணவர்கள் பயமில்லாமல் ஆசிரியரைத் திருத்துகிறார்கள்' என்று எழுதியிருந்தார். வேலை நிரந்தரமானது.

அந்தத் தளத்தை நான் விடவில்லை. இப்போது எந்த வீடியோவையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, தப்பு கண்டுபிடிக்கத்தான் போடுகிறேன். பாடமும் நன்றாகவே ஏறுகிறது. உப்புக் கேள்வியைப் பற்றி நாங்கள் எழுதிப்போட்டதும் தளத்துக்காரர்கள் திருத்திவிட்டார்கள். அன்றைக்கு வகுப்பில் திருவிழாதான்.

என் வீட்டில்தான் இன்னும் திருத்தவில்லை. குழம்பு வைத்துவிட்டு, "உப்பு சரியா இருக்காப்பா?" என்று கேட்டால், உப்பளத்திலேயே தலை நரைத்த அப்பா தட்டிலிருந்து நிமிராமல் சொல்வார்:

"எனக்கு இன்னாம்மா தெரியும்? கம்ப்யூட்டர கேளு."